ஃபோர்டின் முதல் கம்பெனி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேலாளராக இருக்கிறேன். போன வாரம் எங்கள் ஊழியர்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி நடந்தது. பேச வந்தவர், ‘ஹென்றி ஃபோர்டு ஐந்து முறை திவாலானார், ஆறாவது முறை உலகத்தையே வென்றார்’ என்றார். பலத்த கைதட்டல். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து தேடினால் டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி என்று ஒரு பெயர் வருகிறது. அதுதான் அவருடைய முதல் கம்பெனியாம். ஒன்றரை வருடத்தில் மூடிவிட்டார்களாம். அதில் முதலில் செய்தது காரே இல்லை, டெலிவரி வண்டியாம். ஏன் சரக்கு வண்டியில் ஆரம்பித்தார்கள்? ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடினார்கள்? அப்புறம் ஃபோர்டு சரக்கு வண்டி பக்கமே போகவில்லையா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

ஐந்து முறை திவால் என்பது மேடையில் வளர்ந்த கணக்கு. ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு முன்னால் அவருக்கு இருந்தவை இரண்டு கம்பெனிகள். முதலாவதைக் கலைத்தார்கள். இரண்டாவதிலிருந்து அவர் வெளியேறினார். ஆனால் அது மூழ்கவில்லை.

டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி 1899 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ஃபோர்டுக்கு அப்போது 36 வயது. எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் தலைமைப் பொறியாளர் வேலையை அதே மாதம் விட்டுவிட்டு இங்கே வந்தார். மாதம் 150 டாலர் சம்பளம். டெட்ராய்ட் நகர மேயர் வில்லியம் மேபரி ஆதரவாக நின்றார். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் மர்ஃபி, மர வியாபாரத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்துக்காரர். ஃபோர்டு செய்துவைத்திருந்த காரில் தானே ஏறி ஊருக்கு வெளியே நெடுந்தூரம் போய்த் திரும்பி வந்த பிறகுதான் பணம் தரச் சம்மதித்தார்.

டெலிவரி வண்டியில் ஆரம்பித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கார் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. கடைக்காரருக்கோ சரக்கு வண்டி அன்றாடத் தேவை, அவருக்குக் கணக்கும் தெரியும். குதிரை லாயத்தில் சும்மா நின்றாலும் தீனி தின்னும், மோட்டார் வண்டி ஓடினால்தான் எண்ணெய் குடிக்கும். யோசனையில் தப்பில்லை. 1900 ஜனவரியில் முதல் வண்டி தயாரானது. பிப்ரவரியில் ஒரு பத்திரிகை நிருபரை ஏற்றிக்கொண்டு ஃபோர்டே ஓட்டினார். பனி உறைந்த தெருக்களில் பந்தயக் குதிரையைவிட வேகமாகப் பறந்தது என்று தலைப்புப் போட்டார்கள்.

தலைப்பைப் படித்துவிட்டு வாங்க வந்தவர்கள் கண்டது வேறு. வண்டி கனமாக இருந்தது, மெதுவாகப் போனது, அடிக்கடி நின்றது. டெலிவரி வேலையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு நிறுத்தி எடுக்க வேண்டும். அந்தக் காலப் பெட்ரோல் எஞ்சின் நின்றுவிட்டால் இறங்கி வந்து கைப்பிடியைச் சுற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எத்தனை தடவை!

அதைவிடப் பெரிய சிக்கல் பட்டறைக்குள் இருந்தது. ஒரு வண்டியை ஓடவைப்பது வேறு, அதேபோல நூறு வண்டி செய்வது வேறு. ஃபோர்டு முதலாவதைக் கற்றிருந்தார், இரண்டாவதை இன்னும் கற்கவில்லை. டிசைன் முடிவாகவில்லை, மாற்றிக்கொண்டே இருந்தார். அவரோடு வேலை செய்த ஃப்ரெட் ஸ்ட்ராஸ் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதே இல்லை. ஃபோர்டு ஏதோ படம் வரைந்து கொடுத்து அச்சுத் தண்டுகளைக் கடைசல் பிடிக்கச் சொன்னாராம். அவை எந்த வண்டிக்கும் உரியவை அல்ல. பட்டறையில் வேலை நடக்கிறது என்று பணம் போட்டவர்களுக்குக் காட்டுவதற்காக மட்டும். திறமையான ஒரு கடைசல்காரர் எதற்கும் பொருந்தாத தண்டுகளை நாள் முழுக்கக் கடைந்துகொண்டு நின்றிருக்கிறார்.

1901 ஜனவரியில் கம்பெனியைக் கலைத்தார்கள். மொத்தம் சுமார் 20 வண்டிகள். நஷ்டம் 86,000 டாலர், அதாவது ஃபோர்டின் சம்பளக் கணக்கில் கிட்டத்தட்ட 48 வருடச் சம்பளம்! கம்பெனிக்குப் பணம் சம்பாதிப்பதில் மட்டுமே குறி, அதிலும் பெரிதாக எதுவும் சம்பாதிக்கவில்லை என்று ஃபோர்டு தன் வரலாற்றில் எழுதினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இழந்தது அவருடைய பணம் இல்லை.

உங்கள் பயிற்சியாளர் மர்ஃபியின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். 1901 அக்டோபரில் கிராஸ் பாயின்ட் கார் பந்தயத்தில், அன்றைக்குப் பெயர்பெற்ற கார் தயாரிப்பாளரான அலெக்சாண்டர் விண்டனை ஃபோர்டு தோற்கடித்ததும், பணத்தை இழந்த அதே மர்ஃபிதான் மறுபடி பணம் போட்டு நவம்பரில் ஹென்றி ஃபோர்டு கம்பெனியைத் தொடங்கினார். ஃபோர்டின் மனமோ பந்தயக் காரிலேயே இருந்தது. நாலு மாதத்தில், 1902 மார்ச்சில், 900 டாலரையும் தன் பெயரையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். விடாமுயற்சிக்கு ஃபோர்டைக் காட்டுகிறோம், சரி. அந்த முயற்சிக்கான செலவை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அந்தக் கம்பெனியில் மிஞ்சியிருந்த இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட ஹென்றி லீலண்ட் என்பவரை மர்ஃபி அழைத்தார். நுட்பமான அளவில் உலோகம் கடைவதில் லீலண்ட் பெரிய கை. விற்காதீர்கள், கார் செய்யுங்கள் என்றார் அவர். அப்படிப் பிறந்ததுதான் காடிலாக் கார் கம்பெனி. 1908-ல் மூன்று காடிலாக் கார்களை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் முழுக்கப் பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தியது. ஸ்ட்ராஸ் கடைந்த தண்டுகளுக்கும் இதற்கும் நடுவில் எட்டே வருடம்தான்!

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஃபோர்டு சரக்கு வண்டிக்குத் திரும்பி வந்தார். 1917-ல் ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி வந்தது. அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் 600 டாலருக்கு விற்றார்கள். மேலே பெட்டியோ பலகையோ வாங்குபவரே தன் வேலைக்கு ஏற்ற மாதிரி கட்டிக்கொள்வார். எஞ்சின் மாடல் டி காருடையது, ஒன்பது வருடமாக அமெரிக்கா முழுக்க ஓடிப் பழகியது. பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் இருந்தார்கள்.