இட்லி மாவு பொங்காத ஊரில் என்ன சமைப்பது?

"வேல்ஸில் இருக்கும் ஸ்வான்சிக்குப் படிக்க வந்து 5 வாரம் ஆகிறது அக்கா. சாப்பாட்டுக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் முடியாது. முருங்கைக்காய் விலை கேட்டாலே பயமாக இருக்கிறது. அரைத்த இட்லி மாவும் இரண்டு நாளாகக் கல் மாதிரி கிடக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, முதலில் முருங்கைக்காயை மறந்துவிடுங்கள். நானும் வந்த வருடம் செயின்ட் ஹெலன்ஸ் ரோட்டுக் கடைகளில் வாடிய கத்தரிக்காயை எடுப்பதும் வைப்பதுமாக அலைந்தவள்தான். அரிசி, உளுந்து, பருப்பு, கடுகு, வற்றலை அங்கே பெரிய பையாக வாங்கி, கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காய் மட்டும் இந்த ஊர்க் காயாக இருக்கட்டும். லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்), முட்டைக்கோஸ், கேரட், ஸ்வீட். கடைசியாகச் சொன்னது இனிப்பு இல்லை, மஞ்சள் சதையுள்ள ஒரு கிழங்கு. சாம்பாரில் முள்ளங்கி இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் அதையும் லீக்ஸையும் உருளையையும் ஆட்டுக்கறியோடு போட்டு 'கவுல்' என்று ஒரு சூப் வைப்பார்கள். இன்று வைத்து நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நம் மீன் குழம்பு மாதிரிதான். நான் கறியை விட்டுவிட்டு, இறக்கும்போது மிளகு சீரகம் தட்டிப் போட்டு நெய்யில் தாளிப்பேன். பாட்டி ஒரு கரண்டி குடித்துவிட்டு இருமினார். அப்புறம் கிண்ணத்தை நீட்டினார்.

இப்போது மாவுக்கு வருவோம். அது நன்றாகப் பொங்க 28, 30 டிகிரி சூடு வேண்டும். உங்கள் வீட்டுச் சமையலறை இந்த மாதத்தில் 16 இருந்தாலே பெரிது. குளிர்பானம் கொண்டுபோகும் பை, அதாவது கூல் பேக், ஒன்று வாங்குங்கள். மாவில் உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தோடு உள்ளே வைத்து, பக்கத்தில் ஹாட் வாட்டர் பாட்டில் ஒன்றை வைத்து மூடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெந்நீரை மாற்ற வேண்டும். 18 மணி நேரம்கூட ஆகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். பொங்கிவிட்டால் பையைக் கழுவி மாளாது.

ஆனால் இட்லியைக் கெடுக்கும் இந்தக் குளிர், காயைப் புளிக்க வைக்க அருமையாக இருக்கிறது. ஊரில் இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிவிடும் காய், இங்கே மெதுவாகப் புளித்து மொறுமொறுப்பாகவே நிற்கும். 1 கிலோ லீக்ஸை மெல்லிசாக நறுக்கி, 20 கிராம் உப்புப் போட்டு, தண்ணீர் விடும்வரை பிசையுங்கள். இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், கொஞ்சம் கடுகு சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் அழுத்துங்கள். காய் முழுக்க அதன் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி மேலே பாரமாக வைத்தால் போதும். தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். நான் ஒரு வார இறுதியில் மறந்துபோய், திங்கட்கிழமை திறந்தபோது கூரையில் கடுகு ஒட்டியிருந்தது.

ஒரு வாரம், பத்து நாளில் வெங்காய நெடி அடங்கி நல்ல புளிப்பு வரும். பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் எடுத்துவிடலாம். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும். தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல ஊறுகாய் வேண்டாம். அந்தப் புளித்தண்ணீரை ரசம் இறக்கியபின் இரண்டு கரண்டி விட்டால் புளி மிச்சம்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் சனிக்கிழமை ஸ்வான்சி மார்க்கெட்டுக்குப் போங்கள். நடுவில் இருக்கும் கடைகளில் பென்க்ளாத் என்ற கடலோரக் கிராமத்துக் 'காக்கிள்ஸ்' விற்பார்கள். நம் மட்டிதான். அவித்து, ஓடு நீக்கி வைத்திருப்பார்கள். நான் தூத்துக்குடிக்காரி என்ற திமிரில் முதல் தடவை 20 நிமிடம் வேகவைத்து ரப்பராக்கினேன். தேங்காய், மிளகு, லீக்ஸ் எல்லாம் வதங்கிய பிறகு போட்டு 2 நிமிடம் புரட்டினால் சரி.

அங்கேயே 'லேவர்பிரெட்' என்று கருப்பாகப் பசைபோல் ஒன்று இருக்கும். பெயரில்தான் ரொட்டி, உண்மையில் மணிக்கணக்கில் வேகவைத்த கடற்பாசி. பார்த்தால் முகம் சுளிப்பீர்கள். இங்கே அதை ஓட்ஸில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். நான் ஊறவைத்த மைசூர் பருப்போடு ஓட்ஸும் வற்றலும் சோம்பும் அரைத்து, இதில் இரண்டு கரண்டி கலந்து அடையாக வார்க்கிறேன். பாசியிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டும்போது நேற்றைய ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். அதைத் தூளாக்கி, கேர்ஃபில்லி என்ற வேல்ஸ் சீஸ், பொடியாக நறுக்கிய லீக்ஸ், பச்சை மிளகாய், முட்டை சேர்த்து உருட்டிப் பொரிக்கலாம். இந்த ஊர் கிளாமர்கன் சாசேஜ் கிட்டத்தட்ட இதுதான், கறியே கிடையாது.

லீக்ஸின் பச்சைத் தலையை வெட்டி எறியாதீர்கள், துவையலுக்கு ஆகும். நறுக்கும்முன் நீளவாக்கில் கீறி நன்றாக அலசுங்கள். மடிப்புக்கு மடிப்பு மண் இருக்கும்.