தூண்டில் ராடு கட்ட எந்த லேத் வாங்கலாம்?

கேள்வி: அண்ணாச்சி, கார்பன் பிளாங்க் (ராடின் வெறும் தண்டு) வாங்கி நானே தூண்டில் ராடு கட்டுகிறேன், கூட்டாளிகளுக்கும் கட்டித் தருகிறேன். கார்க் கைப்பிடி கடைய லேத் வேண்டும். எங்கள் ஊர் கடைசல் பட்டறையில் பழைய மர லேத் ஒன்று விலைக்கு வருகிறது. ஆன்லைனில் இரும்பு மினி லேத்தும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்க?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மர லேத்தையே வாங்குங்கள் தம்பி, ஆனால் ஓட்டிப் பார்த்துவிட்டு. மரத்தில் செப்புச் சாமான் கடைகிற ஊரில் இருக்கிறீர்கள், கடைசல்காரர் ஒருவரைக் கூடவே கூட்டிப்போங்கள், சத்தத்தை வைத்தே பேரிங் எப்படியென்று சொல்லிவிடுவார்.

பார்க்க வேண்டியது முதலில் நேர். டெயில்ஸ்டாக்கை (மறுமுனையைத் தாங்கும் நகரும் தலை) தள்ளிக்கொண்டுபோய் அதன் கூர்முனையை ஹெட்ஸ்டாக் (மோட்டார் சுழற்றும் தலை) கூர்முனையோடு சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஊசி முனையோடு ஊசி முனை வைத்தாற்போல் தொட வேண்டும். விலகியிருந்தால் லேத் நேராக இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஹெட்ஸ்டாக்கில் சுழலும் அச்சான ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்பிண்டில் ஓட்டை. பிளாங்கிலேயே கார்க்கை ஒட்டி அப்படியே கடைய நினைத்தால் பிளாங்க் ஹெட்ஸ்டாக் வழியாக வெளியே போக வேண்டும், சின்ன மர லேத்துகளில் அந்த ஓட்டை பெரும்பாலும் 10 மி.மீ. கூட இருக்காது. இரும்பு மினி லேத்தில் 20 மி.மீ. வரை கிடைக்கும், ஆனால் உப்புத்தாள் உதிர்க்கிற தூள் அதன் படுகையில் விழுந்து வழுக்குப் பாதையைத் தேய்த்துவிடும். அதோடு மூன்றரை அடி பிளாங்க் வெளியே நீட்டிக்கொண்டு 1,000 சுற்றுக்கு மேல் சுழன்றால் சாட்டை மாதிரி வீசி ஒடிந்தே போகும், இரண்டடிக்கு ஒரு ரோலர் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் இரும்புத் தாடையில் நேரடியாக இறுக்கினால் கார்பன் சுவர் விரிசல் விடும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாமென்றால் கால் அங்குல இரும்புக் கம்பியில் மெழுகு தேய்த்து, கார்க் வளையங்களை அதில் கோத்து ஒட்டி, காய்ந்ததும் கடைந்து கம்பியை உருவிவிடுங்கள். பிறகு வட்ட அரத்தால் ஓட்டையை பிளாங்கின் சரிவுக்கேற்ப அகலமாக்கினால் போதும். இதற்கு ஒன்றரை அடி இடைவெளி உள்ள சாதாரண மர லேத்தே தாராளம். கார்க்கில் உளி வைக்காதீர்கள், பிய்ந்து வரும். 80 நம்பர் உப்புத்தாளில் வடிவம் எடுத்து 120, 220, கடைசியாக 400. முகமூடி போடாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். ரீல் சீட்டுக்கு (ராடில் ரீல் உட்காரும் இடம்) மரத்துண்டு வேண்டுமானால் அதை அந்தப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள், சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி அவர்கள் ஏற்றுகிற பளபளப்பு நம் கைக்கு வராது.

கேள்வி: கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்) கட்டிய நூலின் மேல் எபாக்ஸி பிசின் பூசினால் ஒரு பக்கமாகத் தொங்கிக் காய்கிறது. லேத்திலேயே மாட்டிச் சுற்றவிடலாமா?
– வாசகர், உவரி

பதில்: கூடாது. சாதாரண மர லேத் ஆகக் குறைந்த வேகத்திலும் பெரும்பாலும் நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றும், எபாக்ஸி தெறித்துச் சுவரில் இருக்கும். உலர்த்த நிமிடத்துக்கு 6 முதல் 18 சுற்று போதும், மைக்ரோவேவ் அடுப்புத் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார் தனியாகவே கிடைக்கிறது, அதில் மாட்டுங்கள். ராத்திரி முழுக்க ஓடும் என்பதால் தனி மோட்டார்தான் சரி, லேத்தும் சும்மா முடங்கிக் கிடக்காது. அந்த மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். பூசிய முதல் சில மணி நேரத்தில் கரண்ட் போனால்தான் தொங்கல் விழுகிறது, இன்வெர்ட்டர் இல்லையென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து சில நிமிடத்துக்கு ஒரு தடவை கையால் அரைச் சுற்று திருப்பிவிடுங்கள். நூல் சுற்றவும் லேத் வேண்டாம், தையல் மெஷின் மோட்டாரும் அதன் கால் பெடலும் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.