ஒரே எழுத்தில் தொடங்கும், ஒரே நீளமுள்ள ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வது பயன் தருமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்கு, ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எண்ணிக்கையில் எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொற்களை நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்யச் சொல்லி டியூஷனில் பட்டியல் கொடுக்கிறார்கள். இதனால் பயன் உண்டா?

பதில்: மொழியைப் புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் பயன் இல்லை, ஓரளவு தெரிந்த சொற்களையும் அது குழப்பிவிடும். நான் ஆசிரியன் அல்லன், 1998 முதல் வேலூரில் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திவருபவன். ஆனால் இதே முறையில் படித்துப் பட்டவன் என்பதால், பதில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

குடியாத்தத்தில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தபோது நானும் மாலை டியூஷனுக்குப் போனேன். லாங் சைஸ் நோட்டின் பக்கத்தை நான்காக மடித்துக் கோடு போட்டு, 'ஏ' வரிசை ஐந்தெழுத்து, 'ஏ' வரிசை ஆறெழுத்து என்று கட்டம் கட்டமாக நிரப்புவோம். தேவதூதரைக் குறிக்கும் ஏஞ்சலும் கோணத்தைக் குறிக்கும் ஆங்கிளும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. 'டி' பக்கத்தில் நாட்குறிப்பான டைரிக்குக் கீழே பால் பண்ணையான டெய்ரி இருந்தது. சார் எழுதிக் கொடுத்த வரிசையிலேயே கேட்பார், நாங்களும் அந்த வரிசையிலேயே ஒப்பிப்போம், இருபதுக்கு இருபது கிடைத்துவிடும். பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஆங்கிள் என்றால் என்ன என்று என்னை எழுப்பிக் கேட்டபோது, அந்த வரியும் அதற்கு மேல் வரியும் நோட்டில் எழுதியிருந்தபடியே கண்முன் வந்தன. கேட்ட சொல்லின் பொருள் அந்த இரண்டில் எது என்பது மட்டும் பிரியவில்லை. தேவதூதர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கணக்குப் பாடத்தில் கோணமானியை வைத்துத் தினமும் கோணம் அளந்துகொண்டிருந்த பையன் நான்.

இது என் மந்த புத்தியால் நேர்ந்தது என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் சொற்கள் கற்பவரைக் குழப்புவதைப் பாத்யா லாஃபர் என்னும் மொழியியலாளர், அத்தகைய சொற்களுக்கு 'சின்ஃபார்ம்' என்று தனிப்பெயரே வைத்து ஆராய்ந்திருக்கிறார். சொற்களைக் கற்பிப்பது குறித்து நிறைய எழுதியுள்ள நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன், வடிவத்தில் நெருங்கிய சொற்களை ஒரே வேளையில் சேர்த்துக் கற்பிக்கக் கூடாது என்றும், முதல் சொல் நன்றாக ஊன்றிய பிறகே அடுத்ததைக் கொண்டுவர வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். உங்கள் தங்கையின் பட்டியல் இதற்கு நேர் எதிராக, எவை ஒன்றோடொன்று குழம்புமோ அவற்றையே தேடிப் பிடித்து ஒரே நாளில் ஊட்டுகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு நடந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில் ஒரு தேவாலயத் திருமணத்துக்கு ஆங்கிலத்தில் பத்திரிகை அடித்தோம், நானூறு பிரதிகள். மணமக்கள் 'இணைக்கப்படுகிறார்கள்' என்று வர வேண்டிய இடத்தில் யுனைட்டெட் என்ற சொல்லின் மூன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் இடம் மாறி, 'அவிழ்க்கப்பட்ட' என்று பொருள்படும் அன்டைட் என்ற சொல்லாக அச்சாகிவிட்டது. இரண்டுமே 'யு'வில் தொடங்கும் ஆறெழுத்துச் சொற்கள், முடிவதும் ஒரே எழுத்தில்தான். இரண்டும் அகராதியில் உள்ளவை என்பதால் கணினியும் சிவப்புக் கோடு போடவில்லை. பழகிய சொல்லைக் கண் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை. முதலும் கடைசியும் நீளமும் சரியாக இருந்தால், நடுவில் எழுத்துகள் இடம் மாறியிருப்பதை எளிதில் விட்டுவிடுகிறது. இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பெண்ணின் தகப்பனார் வந்து, பத்திரிகையை மேசைமேல் விரித்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். சத்தம் போடவில்லை. "முப்பது பேருக்குக் கொடுத்தாகிவிட்டது தம்பி" என்று மட்டும் சொன்னார். இரவோடு இரவாக மறுபடி அடித்துக் கொடுத்தோம். ஆனால், அந்த முப்பது வீடுகளுக்கும் அவர் திரும்பவும் நடந்திருப்பார் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு அதே மாதிரிப் பட்டியலை நானே எழுதி என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். பள்ளி முதல்வருக்கும் கொள்கைக்கும் உரிய ஒன்பதெழுத்துப் பிரின்சிபல்கள், எழுதுபொருளுக்கும் அசையாமல் நிற்பதற்கும் உரிய பத்தெழுத்து ஸ்டேஷனரிகள், புனிதமான சேக்ரட், பயந்துபோன ஸ்கேர்ட் ஆகியவை அதில் உண்டு. இந்தச் சொற்கள் வரும் இடத்தில் மட்டும் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன். எனவே பட்டியலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை என்பவற்றோடு தொடை என்றும் ஒரு பகுதி உண்டு. எதுகைக்குச் சொல் தேடும் புலவருக்கு உதவுவது அது. சொற்களை ஓசையாலும் வடிவாலும் அடுக்குவது, அவற்றை ஏற்கெனவே அறிந்தவருக்கு உரிய கருவி. தமிழ் கற்கத் தொடங்கும் குழந்தையிடம் யாரும் தொடையகராதியைக் கொடுப்பதில்லை. ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் என்ற இணைய விளையாட்டை விளையாடுபவருக்கும் இத்தகைய பட்டியல் உதவும். தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

இப்படிப் படித்தே போட்டித் தேர்வில் வென்றேன் என்று யாரேனும் எழுதினால் நான் மறுக்க மாட்டேன். அவர்கள் பட்டியலோடு நிற்காமல் வேறு நிறையவும் படித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தங்கை டியூஷனை விட முடியாதென்றால், அந்த இருபது சொற்களையும் சொல்லுக்கொரு அட்டையில் எழுதச் சொல்லுங்கள்; பின்புறம் பொருளை மட்டும் எழுதாமல், அவளே அமைத்த ஒரு வாக்கியமும் இருக்கட்டும். பிறகு சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துக் கேளுங்கள். குழப்பும் இரட்டைச் சொற்களில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றது தடுமாறாமல் வாயில் வரும்வரை இரண்டு வாரமானாலும் காத்திருங்கள். அதற்கு வேண்டிய அட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பத்திரிகை வெட்டிய பிறகு விரலகலத் துண்டுகள் எங்களிடம் கட்டுக்கட்டாகக் குப்பைக்குப் போகின்றன, எந்த அச்சகத்தில் கேட்டாலும் தருவார்கள்.