வெற்றி நூல்களும் ஒரு கைதியின் நூலும்

கேள்வி: உடல்நலம், வணிகம், முன்னேற்றம் என்று பல நூல்களைப் படித்துவிட்டேன். சில நாள்களிலேயே ஊக்கம் வடிந்துவிடுகிறது. தங்கள் மனத்தில் நிலைத்து நின்ற நூல் எது?
- வாசகர், கரூர்

பதில்: நான் நடத்திவந்த சிறு அச்சகத்தைக் கடன் தாளாமல் மூடிய ஆண்டில், நீங்கள் சொல்லும் நூல்கள் பலவற்றை நானும் படித்தேன். அதிகாலையில் எழுவதும் வரவு செலவை அன்றாடம் எழுதிவைப்பதும் அவற்றால் வந்த பழக்கங்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் என்னை நிமிரவைத்தது, வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் எழுதி 1946இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த நூல். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்', அதாவது வாழ்வின் அர்த்தத்தை மனிதன் தேடுவது. 1942இல் நாஜிகளால் பிடித்துச் செல்லப்பட்டு, ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட அவர்களுடைய நான்கு சிறைமுகாம்களில் வதைபட்டு, 1945இல் விடுதலையானபோது தாய், தந்தை, மனைவி மூவரையும் இழந்திருந்த அவர், ஒன்பதே நாள்களில் அதைச் சொல்லச் சொல்லப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். தம் பெயரின்றி, கைதி எண்ணோடு மட்டும் வெளியிடவே முதலில் எண்ணினார். வெற்றியைக் குறிவைக்க வேண்டாம் என்று பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் அவர் சொல்வதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ, ஆஷ்விட்ஸில் பறிபோன தம் வேறொரு கையெழுத்துப் பிரதியை, டைபஸ் காய்ச்சலில் கிடந்தபடி காகிதத் துண்டுகளில் குறிப்புகளாக அவர் மீண்டும் எழுதிய இடம்தான் பெரிது. கடன்காரர்கள் வாசலில் நின்ற நாள்களில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முகாம் அனுபவங்களைக் கூறும் முதற்பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். அவருடைய சிகிச்சை முறையை விளக்கும் அடுத்த பகுதிக்குச் சில வாரங்கள் கழித்துச் செல்லலாம்.