குடும்பக் குழுவில் வந்த படம்

கேள்வி: பொய்ச்செய்தியை அடையாளம் காணப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்கிறார்கள். டீச்சரான எனக்கே தெரியாதே, ஐயா?
– வாசகி, தேனி

பதில்: அது உங்கள் குற்றமில்லை அம்மா. நமக்கு யார் சொல்லித்தந்தார்கள்? கேரளத்தின் கண்ணூரில் 2018-இல் 150 அரசுப் பள்ளிகளில் இதை வகுப்பாகவே எடுத்தார்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் புரளியை நம்பிப் பெற்றோர் ஊசியை மறுத்த ஊர் அது.

ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சியில் உரை கிடையாது. "குடும்பக் குழுவில் இன்று வந்த படம் ஒன்றை எடுங்கள்" என்பேன். போன மாதம் ஒரு டீச்சர் 'நம்மூர் வெள்ளம்' என்று வந்த படத்தைக் காட்டினார். விரித்துப் பார்த்தால் கடைப் பலகையில் தெலுங்கு எழுத்து! படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடினோம், பல வருடப் பழைய படம். "ஐயோ, நாலு பேருக்கு அனுப்பிட்டேனே" என்று பதறினார். அந்தப் பதற்றத்தை மறைக்காமல் வகுப்பில் சொல்லுங்கள் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.