பசிக்கும்போது வயிறு ஏன் கடமுடா என்று சத்தம் போடுகிறது?

நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். காலை பதினொன்றரை மணி, யாரும் பேசவில்லை, என் வயிறு மட்டும் உருளுகிறது. பக்கத்து நாற்காலிப் பையன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

வயிறு காலியாக இருந்தால் குடலுக்கும் ஓய்வு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அப்போதுதான் அது வீட்டைக் கூட்டுகிறது.

எங்கள் வீட்டில் குடல் குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, அம்மா குழாயடியில் உட்கார்ந்து ஆட்டுச் சிறுகுடலின் ஒரு முனையைப் பிடித்து, இரண்டு விரலால் நெருக்கி வழித்துக்கொண்டே போவார். உள்ளே கிடப்பதெல்லாம் விரலுக்கு முன்னால் ஓடி மறுமுனையில் கொட்டும். அப்புறம்தான் மஞ்சளும் கல்லுப்பும். அந்த விரல் வேலையை உயிருள்ள குடல் தானே செய்துகொள்கிறது. அதன் சுவரில் இரண்டு அடுக்குத் தசை: உள்ளே வளையமாக ஒன்று, வெளியே நீளவாக்கில் ஒன்று. உணவுக்குப் பின்னால் வளையத்தசை இறுகும், முன்னால் தளரும், உணவு நகரும். உணவுக்குழாயிலும் இதே கதைதான். அதனால் தலைகீழாக நின்று விழுங்கினாலும் சோறு வயிற்றுக்குப் போய்விடும் (சோதித்துப் பார்க்க வேண்டாம், புரையேறும்).

இரைப்பையில் சாய்வாக இன்னொரு அடுக்கும் உண்டு. நிமிடத்துக்கு மூன்று அலை வீதம் உணவை அடித்துக் கூழாக்குகிறது. சிறுகுடலோ தள்ளுவதைவிடப் பிசைவதில்தான் அதிக நேரம் செலவிடும், பரோட்டா மாவை மாஸ்டர் பிசைகிற மாதிரி.

சரி, சத்தத்துக்கு வருவோம். சாப்பிட்டது செரித்து முடிந்ததும், சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை பலமான அலை ஒன்று மிச்சம் மீதியை வழித்துக்கொண்டு போகும். அப்போது உள்ளே இருப்பது காற்றும் கொஞ்சம் நீரும்தான். அவை நெருக்கப்படும்போது வருவதுதான் அந்தக் கடமுடா. வயிறு நிறைந்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும்.

வாயில் ஏதாவது போட்டதும் இந்தத் துப்புரவு நின்று, செரிக்கும் வேலை ஆரம்பித்துவிடும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவர்கள் குடலைக் கூட்டவே விடுவதில்லை என்பது என் புகார், என்னையும் சேர்த்துத்தான்.

சத்தத்தோடு கடும் வலி, வாந்தி, வயிறு உப்பல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் சத்தம்தான் என்றால், புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஒரு வடை சாப்பிடுங்கள்.