லினக்ஸ் போட்டாச்சு, இனி கோட் எதில எழுதுறது? – கேள்வி பதில்

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதில இருந்து தெரிஞ்சாக்கள் எல்லாரும் ஒரே கதைதான். லெப்டொப் பழசு, டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இல்ல, அதால விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குற நிலைமையும் இல்ல, யாரையோ பிடிச்சு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போட்டாச்சு, இப்ப பொழுதுபோக்குக்கு எழுதுற கோட எதில எழுதுறது எண்டு கேக்கிறாங்க. நான் பகலில கணக்கு வேலை, ராவில சாப்பிட்டுப்போட்டு ஒரு மணித்தியாலம் கோட் எழுதுற ஆள், அவ்வளவுதான், பெரிய எஞ்சினியர் எண்டு நினைச்சுப்போடாதீங்க. வந்த கேள்விகளில கொஞ்சத்துக்கு இதில பதில்.

அண்ணா, நான் ஏஎல் ஐசிடி செய்யிறன், பைத்தன் மட்டும்தான் வேணும். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட்டிஸ்க். கிளாஸில எல்லாரும் விஎஸ் கோட்தான். நானும் போடவா? (வெள்ளவத்தை)

போட்டா ஓடும் தம்பி, ஆனா இப்ப போடாத. விஎஸ் கோட் எலெக்ட்ரோனில கட்டினது, அதாவது நீ எடிட்டரத் திறக்கேக்க உள்ளுக்க ஒரு முழு குரோமியம் பிரவுசரும் சேந்து எழும்புது, பக்கத்தில பாட வீடியோ ஒண்டையும் திறந்தியெண்டா 4 ஜிபி முடிஞ்சுது, பிறகு ஹார்ட்டிஸ்க் கரகரவெண்டு அரைக்கிற சத்தத்தக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஜீனி எண்டு ஒரு சின்ன எடிட்டர் இருக்கு, 2005ல இருந்து வருது, மிண்டின்ட சொஃப்ட்வெயார் மெனேஜரில பேர அடிச்சா வரும், டேட்டாவும் பெருசா தின்னாது. திறந்தோண்ண டைப் பண்ணத் தொடங்கினா கலர் ஒண்டும் வராது, பழுதெண்டு நினைச்சுப்போடாத, புள்ளி பிவை எண்டு முடியிற பேரில ஒருக்கா சேவ் பண்ணு, உடன கலர் வரும். எஃப் 5 அமத்தினா ரன் ஆகும். டெர்மினலில கையால ஓட்டுறதெண்டா பைத்தன் எண்டு மட்டும் அடிக்காம பைத்தன்3 எண்டு அடி, மிண்டில அதுதான் பேர்.

இன்னொண்டு, பரீட்சையில நீ பேனையால பேப்பரில எழுதப்போற, அங்க ஒட்டோகம்ப்ளீட் வந்து மிச்சத்த நிரப்பாது. ஒரு மாசம் ஜீனியில எழுது, பிறகு "எனக்கு இன்ன விஷயம் வேணும், இதில இல்ல" எண்டு பேர் சொல்லிக் கேக்க ஏலுமெண்டா அப்ப மாறு. எல்லாரும் வச்சிருக்காங்க எண்டது அந்தக் கணக்கில வராது.

தம்பி, நான் 90களில பம்பலப்பிட்டியில கிளாஸுக்குப் போய் டர்போ சி பழகின ஆள், இப்ப ரிட்டயர்ட். அந்த நீல ஸ்கிரீன் லினக்ஸில கிடைக்குமோ? பழைய ப்ரோக்ராம் ஒண்ட லினக்ஸின்ட சி கம்பைலர் ஜிசிசியில போட்டா கோனியோ இல்லையாம்.

நீல ஸ்கிரீன் வேணுமெண்டா, பழைய டொஸ் ப்ரோக்ராம்கள ஓட்டுற டொஸ்பொக்ஸுக்குள்ள டர்போ சி அப்பிடியே ஓடும் அங்கிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓட்டிப் பாருங்கோ. ஆனா திரும்பவும் எழுதத் தொடங்குறதெண்டா ஜிசிசியோடயே இருங்கோ. கோனியோ எண்ட ஹெடர் சி மொழியின்ட ஸ்டாண்டர்டில இல்ல, டொஸ் கம்பைலர் செஞ்சாக்கள் தங்கட பாட்டுக்கு வச்சது, அதாலதான் ஸ்கிரீன் துடைக்கிற கிளியர்ஸ்கிரீனும் கெட்சும் லினக்ஸில இல்லாமப் போகுது. அந்த வரிகளத் தூக்கிப்போட்டு, வொய்ட் மெயின இன்ட் மெயினா மாத்தினா உங்கட ப்ரோக்ராமில முக்கால்வாசி ஓடும். கலர், மெனு எண்டு ஸ்கிரீனோட விளையாடுறதுக்கு என்கர்சஸ் எண்ட லைப்ரரி இருக்கு. பில்ட் எஸென்ஷியல் எண்ட பெக்கேஜ போட்டுக்கொள்ளுங்கோ, எடிட்டர் உங்களுக்கும் ஜீனிதான், எஃப் 9 பில்ட், எஃப் 5 ரன், கை பழகினதுக்கு கிட்ட வரும்.

ப்ரோ, விஎஸ் கோட சொஃப்ட்வெயார் மெனேஜர்ல இருந்துதான் போட்டேன். தம்பிக்கு காட்ட ஃப்ரீ பாஸ்கலும் போட்டேன். வெளிய டெர்மினல்ல ஓடுது, விஎஸ் கோட் உள்ள இருக்கிற டெர்மினல்ல அப்படி ஒரு கமாண்டே இல்லங்குது. பைத்தியம் பிடிக்குது. (மருதானை)

உங்கட பிழை இல்ல ப்ரோ, நானும் இதில ஒரு ராத்திரிய விட்டிருக்கிறன். நீங்க போட்டது ஃப்ளெட்பெக். அது எப்பிடியெண்டா வீட்டுக்குள்ளயே தனி அறை, கதவப் பூட்டிக்கொண்டு தன்ட சாமானோட இருக்கும், நீங்க குசினியில கொண்டுவந்து வச்ச பாஸ்கல் அதின்ட கண்ணுக்குத் தெரியாது. கதவத் திறக்க வழிகள் இருக்கு, ஆனா புதுசா வந்தவருக்கு அந்தக் கரைச்சல் ஏன், அத அழிச்சுப்போட்டு விஎஸ் கோட்டின்ட சைட்டில இருந்து டெப் ஃபைல இறக்கி டபுள் கிளிக் பண்ணுங்க, 100 எம்பி சொச்சம் வரும், வைஃபை இருக்கிற இடமாப் பாத்து இறக்குங்க.

சொல்லுறதோட சொல்லுறன், விஎஸ் கோட்டின்ட சோர்ஸ் எம்ஐடி லைசன்ஸில திறந்துதான் கிடக்கு, ஆனா மைக்ரோசொஃப்ட் கட்டித் தாற பதிப்புக்கு லைசன்ஸ் வேற, பாவனைத் தகவலும் அனுப்பும். அது பிடிக்காதாக்களுக்கு விஎஸ்கோடியம் இருக்கு, அதே எடிட்டர்தான், ஆனா எக்ஸ்டென்ஷன் வேற கடையில, ஓப்பன் விஎஸ்எக்ஸில இருந்து வரும், பைத்தன் எழுத உதவுற பைலான்ஸ் மாதிரி மைக்ரோசொஃப்டின்ட சிலது அங்க கிடைக்காது.

அண்ணா, விகடகவிய திருப்பிப் போட்டாலும் விகடகவிதானே? பைத்தன்ல செக் பண்ணினா ஃபோல்ஸ்னு வருது. டெர்மினல்ல எழுத்தும் பிச்சுப் பிச்சுத் தெரியுது. எடிட்டர மாத்தினா சரியாகுமா? (கொட்டாஞ்சேனை)

இந்தக் கேள்விய வாசிச்சிட்டு பஸ்ஸில தனியச் சிரிச்சன் தங்கச்சி, பக்கத்தில இருந்தவர் ஒருமாதிரிப் பாத்தார். எடிட்டர்ல பிழை இல்ல. விகடகவியில எத்தினை எழுத்தெண்டு கேட்டா நாங்க 5 எண்டுவம். பைத்தன்ல நீளம் எண்ணுற லென் போட்டுப் பாருங்க, 7 வரும். பைத்தன் எண்ணுறது யூனிகோட் குறிகள, வி எண்ட எழுத்து அதுக்கு வ ஒண்டு, இகரக் குறி ஒண்டு, ரெண்டாத்தான் தெரியும். அதத் திருப்பினா கடைசியில நிண்ட குறி முன்னுக்கு வந்து பிடிக்க எழுத்தில்லாம புள்ளி வட்டத்தில தொங்கும், மற்றக் குறி போய் ககரத்தில ஒட்டும், ஆக வட்டத்துக்குப் பின்னால வகடகிவ எண்டு வாய்க்குள்ள நுழையாத ஒண்டுதான் மிஞ்சும். அது விகடகவி இல்லத்தானே, ஃபோல்ஸ் சரி.

எழுத்தெழுத்தாப் பிரிக்க ஓப்பன் தமிழ் எண்ட பைத்தன் லைப்ரரி இருக்கு, அதில கெட் லெட்டர்ஸ் எண்ட ஃபங்ஷன் வி, க, ட, க, வி எண்டு லிஸ்டாத் தரும், அந்த லிஸ்டத் திருப்பிப் பாத்தா ட்ரூ வரும். மிண்ட் 22ல லைப்ரரி இறக்குற பிப் கமாண்ட போட்டு நேர இறக்கப் போனா சிஸ்டம் விடாது, முதல் வீஎன்வி எண்ட தனிப் பைத்தன் ஃபோல்டர் ஒண்டு செஞ்சு அதுக்குள்ள போடுங்க.

பிச்சுப் பிச்சுத் தெரியிறது வேற கதை. டெர்மினல் கட்டம் போட்ட கொப்பி மாதிரி, ஒவ்வொரு குறியையும் ஒரு கட்டத்துக்குள்ள அடைக்கப் பாக்கும், தமிழ் அதுக்குள்ள நிக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபொண்ட்ட போட்டா எடிட்டருக்குள்ள ஒழுங்காத் தெரியும், டெர்மினலில முழுசாச் சரிவரும் எண்டு எதிர்பாக்காதீங்க, விடைய ஃபைலில எழுதி எடிட்டர்ல திறந்து பாருங்க, நான் செய்யிறது அதத்தான். ஒரு சந்தோஷம், பைத்தன் 3ல வேரியபிளுக்கே பெயர், விலை எண்டு தமிழிலயே பேர் வைக்கலாம்.

மச்சான், யாரோ விம் எண்டு சொன்னாங்கள், திறந்தன், வெளிய வர ஏலாம பிளக்க கழட்டினன்.

எஸ்கேப் அமத்து, கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். பிளக்கில கை வைக்காத. விம் டெர்மினலுக்குள்ள ஓடுற எடிட்டர், ப்ராம் மூலனார் 1991ல வெளியிட்டது, மனுசன் 2023ல செத்துப்போனார், விம்மப் பாவிக்கிறாக்கள் உகண்டாப் பிள்ளையளுக்கு உதவச்சொல்லி அந்த ப்ரோக்ராமுக்குள்ளயே எழுதி வச்சவர். பழக ஆசையெண்டா விம்டியூட்டர் எண்டு டெர்மினலில அடி, அரை மணித்தியாலம் போகும். ஆசை இல்லையெண்டா நானோ எண்ட லேசான எடிட்டர் இருக்கு, வெளிய வாற வழிய கீழயே எழுதி வச்சிருக்கும்.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ், சப்லைம், எட்டம், ஸெட், இதில எது நல்லம்?

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் விண்டோஸுக்கு மட்டும், அந்த மாதிரி வேணுமெண்டா கேட் (Kate) எண்ட எடிட்டரப் போடுங்க. சப்லைம் வேகம், காசு கட்டச்சொல்லி இடைக்கிட கேக்கும், ஆனா பூட்டாது. எட்டம் 2022 டிசம்பரில மூடியாச்சு, பழைய வீடியோவப் பாத்து தேடித் திரியாதீங்க. எட்டத்தச் செஞ்சாக்கள்தான் ஸெட்டையும் செஞ்சவை, நல்ல வேகம், ஆனா வல்கன் எண்ட புது கிராஃபிக்ஸ் முறை ஓடுற கார்ட் வேணும், பழைய லெப்டொப்பில திறந்தோண்ணயே முறைக்கும்.

விண்டோஸில எழுதின ஷெல் ஸ்கிரிப்ட்ட மிண்டில ஓட்டினா பேட் இன்டர்ப்ரெட்டர் எண்டு வந்து பக்கத்தில எம் எண்டு ஒரு எழுத்தும் நிக்குது.

விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலயும் ரெண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒண்டுதான், மிஞ்சிற ஒண்டுதான் அந்த எம். ஜீனியில டொக்யுமென்ட் மெனுவுக்குள்ள லைன் எண்டிங்ஸில யூனிக்ஸ் எண்டத அமத்தி சேவ் பண்ணுங்க. ஃபைல் பேரில பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேற வேற எண்டதையும் பாத்துக்கொள்ளுங்க, அடுத்ததா அதுக்குத்தான் வருவீங்க.

தம்பி, மகளுக்கு பத்து வயசு, பிள்ளையள் கட்டை அடுக்கி கோட் பழகுற ஸ்க்ராட்ச் முடிச்சிட்டா, பைத்தன் தொடங்கப்போறா. நான் ஒண்டும் தெரியாத அம்மா. (தெஹிவளை)

தொனி (Thonny) எண்ட பைத்தன் எடிட்டரப் போடுங்க அக்கா, எஸ்டோனியாவில டார்ட்டு யூனிவர்சிட்டியில புதுசாப் பழகுறாக்களுக்கெண்டே செஞ்சது. வியூ மெனுவில வேரியபிள்ஸ டிக் பண்ணிவிடுங்க. ரன்னுக்குப் பதிலா கண்ட்ரோலோட எஃப் 5 அமத்தி, பிறகு எஃப் 7 எஃப் 7 எண்டு தட்டிக்கொண்டு போகச்சொல்லுங்க, கணக்கில எது முதல் செய்யுது, எந்தப் பெட்டியில என்ன இலக்கம் மாறுது எண்டு ஒவ்வொண்டாக் காட்டும். நீங்களும் பக்கத்தில கதிரையப் போட்டு இருங்க, நாலு தட்டில உங்களுக்கே விளங்கும்.